முடி உதிராத நாய் வாங்கலாமா?

கேள்வி: பூனையின் பக்கத்தில் போனாலே என் 8 வயது மகளுக்குத் தும்மலும் கண் அரிப்பும் வருகின்றன. இப்போது நாய் வேண்டுமென்று அழுகிறாள். "இது முடி உதிராத ரகம், அலர்ஜியே வராது" என்கிறார் விற்பவர். நம்பி வாங்கலாமா?

பதில்: இப்போதைக்கு வாங்காதீர்கள். முதலில் பரிசோதனை, அப்புறம்தான் நாய்.

ஒவ்வாமை முடியால் வருவதில்லை. நாயின் எச்சில், தோல் செதில், சிறுநீர் இவற்றில் உள்ள புரதங்களால்தான் வருகிறது. முடி அதைச் சுமந்து பரப்புகிறது, அவ்வளவுதான். அலர்ஜி தராதவை என்று பெயரெடுத்த பூடில், லாப்ரடூடுல் போன்ற ரகங்களை நெதர்லாந்து ஆய்வாளர்கள் சோதித்து 2012இல் முடிவை வெளியிட்டார்கள். அவற்றின் முடியில் அந்தப் புரதம் மற்ற நாய்களைவிட அதிகமாகவே இருந்தது. அவை வாழும் வீட்டுக் காற்றிலும் குறையவில்லை. இதற்குப் பிறகும் அந்தப் பொய்யைச் சொல்லிக் கூடுதல் விலைக்கு விற்கிறார்கள், தடுப்பார் யாருமில்லை. ஏமாந்த பெற்றோர் மூச்சிரைக்கும் குழந்தையோடு வந்து நிற்கும்போது எனக்கு ஆத்திரம்தான் வருகிறது.

"குழந்தையிடம் கொடுத்துப் பாருங்கள்" என்று விற்பவர் நீட்டும் நாய் அன்று காலைதான் குளித்திருக்கலாம். குளித்தால் புரதம் குறையும். சில நாளில் பழைய அளவுக்கு ஏறிவிடும். அரை மணி நேரம் தும்மவில்லை என்பதை வைத்து எதையும் முடிவு செய்யாதீர்கள். சில குழந்தைகளுக்கு நாய் வீட்டுக்கு வந்து வாரக்கணக்கில் ஆன பிறகே தொந்தரவு தெரியும். அதற்குள் பாசம் ஒட்டிக்கொண்டிருக்கும், திருப்பி அனுப்ப முடியாது.

தோலில் குத்திப் பார்க்கும் சோதனை அல்லது ரத்தத்தில் ஐ.ஜி.இ. (ஒவ்வாமையில் உடல் உருவாக்கும் எதிர்ப்பொருள்) சோதனை போதும். தலைமுடியை அனுப்பினால் அலர்ஜியைக் கண்டுபிடித்துத் தருகிறோம் என்பவர்களிடம் பணத்தைக் கொடுக்காதீர்கள். ஆய்வகங்கள் சில சமயம் நாய், பூனை எல்லாவற்றையும் ஒரே கலவையாகச் சோதித்து 'விலங்கு: பாசிட்டிவ்' என்று எழுதிக் கொடுத்துவிடும். எந்த விலங்கு என்று தெரியாத அறிக்கையை வைத்து என்ன செய்வது? தனித்தனியாகக் கேளுங்கள்.

நாய்க்கு பாசிட்டிவ் என்று வந்தாலும் ஒரு வழி இருக்கிறது. பலர் அதைச் சொல்வதே இல்லை. நாயின் புரதங்களில் கேன் எஃப் 5 என்பது ஆண் நாயின் புராஸ்டேட் சுரப்பியில் உருவாவது. உங்கள் மகளின் உடல் அதை மட்டுமே எதிர்க்கிறது என்றால் பெண் நாய் ஒத்துக்கொள்ள வாய்ப்பு உண்டு. சாதாரண சோதனையில் இது தெரியாது. புரதம் புரதமாகப் பிரித்துப் பார்க்கும் ரத்தச் சோதனை வேண்டும். "எதற்கு வீண் செலவு?" என்று யாராவது தட்டிக் கழித்தால் விடாதீர்கள், வற்புறுத்திக் கேளுங்கள். கேன் எஃப் 5 மட்டும் என்று வந்தாலும், அந்தப் பெண் நாயோடு மகளைப் பல நாள் பழகவிட்டுப் பார்த்த பிறகே வீட்டுக்குக் கொண்டுவாருங்கள்.

முயல், வெள்ளெலி, கினிப்பன்றி எல்லாம் சின்ன உருவம்தானே என்று அவற்றுக்குத் தாவ வேண்டாம். அவற்றுக்கும் எச்சில் உண்டு, சிறுநீர் உண்டு.

மகளுக்கு ஆஸ்துமாவும் இருந்தால் ரோமமுள்ள எதுவும் வேண்டாம், மீன் தொட்டி வையுங்கள். காய்ந்த புழு கலந்த மீன் தீவனத்தின் தூளும் சிலருக்கு ஒத்துக்கொள்ளாது, அதனால் தீவனத்தை நீங்களே போடுங்கள்.