யார்டுல ஓகேன்னு சொன்னா நம்பி கிளம்பலாமா?

கேள்வி (பினாங்கு வாசகர்): வணக்கம் சார். நானும் மனைவியும் ரிட்டயர் ஆயிட்டோம். 36 அடியில ஒரு பழைய பாய்மரப் படகு வாங்கி மலேசியாவோட லங்காவி தீவுல, படகு ரிப்பேர் பண்ற யார்டுல கரையேத்தி வேலை பாத்துட்டு இருக்கோம். டிசம்பர் கடைசியில புக்கெட், ஜனவரில அங்கிருந்து நேரா இலங்கை, காலி துறைமுகம். எஞ்சின், ரிக்கிங் (பாய்மரத்த தாங்குற கம்பி, கயிறு) எல்லாம் ஓகேன்னு யார்டுல சொல்லிட்டாங்க. நம்பி கிளம்பலாமா?

பதில்: சீசன் சரியா பிடிச்சிருக்கீங்க சார், ஜனவரி பிப்ரவரில வாடைக்காத்து மேற்க போற படகுக்கு நல்ல தோதா இருக்கும். ஆனா அந்த "ஓகே"வ மட்டும் அப்படியே வாங்கிக்காதீங்க. புக்கெட்டுலேர்ந்து காலி சுமார் 1,100 கடல் மைல், மணிக்கு 5 மைல்னு வெச்சாலும் ஒன்பது பத்து நாள், வழியில நம்ம இந்தியாவோட கிரேட் நிக்கோபார் தீவு வரும், முன்அனுமதி இல்லாம அங்க ஒதுங்க முடியாது, அதைத் தாண்டிட்டா நீங்க ரெண்டு பேரும் டூல் பாக்ஸும்தான்.

எனக்கு நடந்தத சொல்றேன். லங்காவி தீவுலேர்ந்து கிளம்பி கோ லிப்பே தீவு நெருங்கறப்ப எஞ்சின் சூடு ஏறிடுச்சு. இத்தனைக்கும் எஞ்சின குளிர வைக்கற கடல்தண்ணி பம்புல இம்பெல்லர், அதாவது தண்ணிய தள்ளற ரப்பர் சக்கரம், புதுசு, யார்டுல போன வாரம்தான் மாத்தினாங்க. பாய் விரிச்சு மெதுவா போய் நங்கூரம் போட்டுட்டு பம்ப கழட்டினேன், ஆறு ரப்பர் இதழும் முழுசா இருந்துச்சு. அப்புறம்தான் கழட்டிப் போட்ட பழைய இம்பெல்லர் ஞாபகம் வந்துச்சு, அதை எடுத்துப் பாத்தா ரெண்டு இதழ் இல்ல. அந்த கடல்தண்ணி போய் எஞ்சின் சூட்ட எடுக்கற ஹீட் எக்ஸ்சேஞ்சரோட மூடிய திறந்தேன், வாய்க்கிட்டயே சுண்டுவிரல் நகம் அளவுல கறுப்பா ரெண்டு ரப்பர் துண்டு அடைச்சுக்கிட்டு நின்னுச்சு. புதுசு மாட்டினவங்க பழசோட துண்டு எங்க போச்சுன்னு தேடவே இல்ல. நான் அன்னிக்கு பக்கத்துல நின்னிருந்தா கேட்டிருப்பேன், நிக்கல.

அதனாலதான் சொல்றேன், வேலை நடக்குறப்ப கூடவே நில்லுங்க, முடிஞ்சா ஸ்பானர உங்க கையில வாங்கிக்கோங்க. டீசல் ஃபில்டர் மாத்தி, டீசல் குழாய்ல புகுந்த காத்த வெளிய எடுக்கறத நீங்களும் உங்க வீட்டம்மாவும் ஆளுக்கு மூணு தடவை யார்டுலயே செஞ்சு பழகிடுங்க, ஏன்னா அலையில படகு குலுங்கறப்பதான் டேங்க் அடியில பல வருஷமா படிஞ்ச கசடு கலங்கி மேல வரும், ஃபில்டர் அடைச்சு எஞ்சின் நிக்கறது எப்பவும் அந்த மாதிரி நேரத்துலதான். டேங்க்ல மேன்ஹோல் மூடி இருந்தா இப்பவே திறந்து உள்ள டார்ச் அடிச்சுப் பாருங்க. ஃபில்டர் ஆறேழு கையிருப்பு வேணும்.

பாய்மரத்த தாங்குற கம்பி போட்டு எத்தனை வருஷம்னு பழைய ஓனர்கிட்ட கேளுங்க. பத்து பன்னெண்டு வருஷம் தாண்டியிருந்தா, இல்ல பில்லே இல்லன்னா, மாத்திடறது நல்லது. அதுவரைக்கும் கம்பி முனையில இறுக்கியிருக்கற இடத்துல கொஞ்சம் பஞ்ச வெச்சு தடவிப் பாருங்க. 19 இழையில ஒண்ணு அறுந்திருந்தாக்கூட பஞ்சு அதுல மாட்டும்.

படகு தண்ணில இறங்கினதும் புக்கெட் வரைக்குமான 120 மைல ஒரே ஓட்டமா ஓட்டிடாதீங்க, தீவு தீவா நின்னு நாலு நாள் எடுத்துக்கோங்க, ஒழுகறது, தேயறது எல்லாம் அதுலயே தெரிஞ்சுடும், ரிப்பேர் பண்ண திரும்பி வர்ற தூரத்துலயே இருப்பீங்க. அதுல ஏதாவது சந்தேகம் வந்தா ஜனவரிய விட்டுட்டு பிப்ரவரில போங்க, வாடை அப்பவும் இருக்கும். காலி துறைமுகத்துல ஏஜென்ட் மூலமாத்தான் உள்ள விடுவாங்க, தேதி தள்ளினா அவருக்கு ஒரு தகவல் அனுப்பினா போதும். உங்கள பாக்க ஃப்ளைட் டிக்கெட் போட்ட சொந்தக்காரங்க யாராவது இருந்தா, அவங்களுக்காக மட்டும் அவசரப்படாதீங்க சார்.

கேள்வி (சென்னை வாசகி): நடுக்கடல்ல படகுல ஓட்டை விழுந்தா என்ன பண்ணுவீங்க?

பதில்: பாறையில மோதி விழற ஓட்டைய விட எனக்கு பயம் படகுலயே இருக்கற ஓட்டைங்கதான்மா. டாய்லெட், சிங்க், எஞ்சின் தண்ணி, எல்லாத்துக்கும் படகு உடம்புல ஓட்டை போட்டு வால்வும் ஹோஸும் வெச்சிருப்பாங்க. தண்ணி மட்டத்துக்கு ரெண்டடி கீழ 38 மில்லிமீட்டர்ல ஒரு ஹோஸ் கழண்டா நிமிஷத்துக்கு நூறு லிட்டருக்கு மேல உள்ள கொட்டும், படகு அடியில சேர்ற தண்ணிய வெளிய இறைக்கற சாதா பில்ஜ் பம்ப் அதுக்கு ஈடு கொடுக்காது. அதனால ஒவ்வொரு வால்வு பக்கத்துலயும் அந்த சைஸுக்கு ஒரு மரக்கட்டை ஆப்பு கயித்துல கட்டித் தொங்கும். வால்வ மாசம் ஒரு தடவை திறந்து மூடணும், இல்லன்னா தேவைப்படறப்ப இறுகிப்போய் திரும்பாது. ஹோஸ் க்ளாம்ப் ரெண்டு ரெண்டா போடுங்க, துரு பாக்கறப்ப அடிப்பக்கமும் விரல விட்டு தடவுங்க, அங்கதான் முதல்ல அரிக்கும்.

கேள்வி (கோயம்புத்தூர் வாசகர்): ராத்திரி படகை நிறுத்திட்டு தூங்குவீங்களா?

பதில்: நடுக்கடல்ல ஆழம் 3,000 மீட்டருக்கு மேல தம்பி, நங்கூரம் எட்டாது. படகு போய்க்கிட்டேதான் இருக்கும், ஒருத்தர் தூங்கினா ஒருத்தர் முழிப்பு, மூணு மணி நேரத்துக்கு ஒரு தடவை மாத்திக்குவோம். பெரிய கப்பல் வெளிச்சம் அடிவானத்துல தெரிஞ்சா நம்மகிட்ட வந்து சேர இருபது நிமிஷம்கூட ஆகாது. இலங்கைக்கு தெக்க தேவேந்திர முனைக்கு வெளிய கப்பல் வரிசையா போகும், நடுவுல மீன்பிடி படகுங்க வலை விரிச்சிருக்கும், அந்த ராத்திரி மட்டும் ரெண்டு பேருமே மேலதான் உக்காந்திருந்தோம்.