டிராகன் ஸ்லாட்டில் 4 சதவீதம்தானே போகும்?

கேள்வி: சீனர்களின் செல்வக் கடவுள் சைஷெனும் நான்கு திசைக் காவல் விலங்குகளும் வரும் ஸ்லாட் ஒன்றை, அதாவது படங்கள் சுழன்று பொருந்தினால் பணம் தரும் சூதாட்டத்தை, இணைய காசினோவில் ஆடுகிறேன். 96% திரும்பக் கிடைக்கும் என்று விதிகளில் இருக்கிறது. ஜாக்பாட்டும் வெகுநாளாக விழவில்லை. அவசரத் தேவைக்கான சேமிப்பில் ஒரு பகுதியைப் போட்டால், மிஞ்சிப்போனால் 4% தானே நஷ்டம்?

பதில்: இல்லை. அந்த 4% நீங்கள் கணக்கில் போடும் பணத்துக்கான கணக்கே அல்ல. ஒவ்வொரு சுற்றிலும் கட்டும் தொகைக்கானது. ஜெயித்ததை எடுத்து வைக்காமல் மறுபடி மறுபடி கட்டுவீர்கள் அல்லவா? கையிலிருக்கும் முழுத் தொகையும் 17 தடவை சுழன்று வந்தால் சராசரியாகப் பாதிதான் மிஞ்சும். தானியங்கிப் பொத்தானை அழுத்திவிட்டு உட்கார்ந்தால் மணிக்கு 600 சுற்று ஓடுவது பெரிய விஷயமில்லை. சுற்றுக்கு ஒரு ரூபாய் கட்டினால் மணிக்கு 24 ரூபாய் காலி. இதுவும் ஏகப்பட்ட சுற்றுகளின் சராசரிதான். ஒரே மாலையில் மொத்தமும் போவதை எந்த 96 சதவீதமும் தடுக்காது.

சரி, ஜாக்பாட். முடிவைத் தருவது தற்செயல் எண்களை உருவாக்கும் நிரல். முந்தைய சுற்றில் என்ன நடந்தது என்று அதற்குத் தெரியாது. கிழக்கின் நீல டிராகன், மேற்கின் வெள்ளைப் புலி, தெற்கின் செம்பறவை, வடக்கின் கருப்பு ஆமை எல்லாம் அழகான ஓவியங்கள், மறுக்கவில்லை. அவற்றுக்குப் பதில் எலுமிச்சம்பழத்தை வரைந்தாலும் வாய்ப்பு அதேதான். குறிப்பிட்ட தொகைக்குள் கட்டாயம் விழும் என்று விதியிலேயே எழுதிய ஜாக்பாட் மட்டும் வேறு ரகம். அதிலும் விழுவது உங்கள் கையில்தான் என்று உறுதி கிடையாது. இன்னொன்று, பல விளையாட்டுகளில் ஜாக்பாட்டுக்கான பங்கும் அந்த 96-க்குள் அடக்கம். அது விழாதவருக்குத் திரும்புவது அதைவிடக் குறைவு.

ஆகவே சேமிப்பைத் தொடாதீர்கள். ஆடத்தான் வேண்டுமென்றால், சட்டம் அனுமதிக்கும் இடத்தில், பொழுதுபோக்குச் செலவிலிருந்து ஒரு தொகை. அது தீர்ந்தால் அந்த மாதம் அவ்வளவுதான்.

போனஸ் தருகிறார்கள் என்றால் நிபந்தனையைப் படியுங்கள். 100 ரூபாய் போனஸை வெளியே எடுக்குமுன் 30 மடங்கு சுற்ற வேண்டும் என்றால் 3000 ரூபாய் கட்டியாக வேண்டும். அதில் 4% என்பது 120, போனஸைவிட அதிகம். இப்போது கணக்கில் மிச்சமிருப்பதை இன்றே வெளியே எடுங்கள். பணம் வந்து சேரும்வரை கோரிக்கையை ரத்து செய்யும் வசதி திரையில் தெரியலாம், அதை அழுத்தாதீர்கள்.