சொரோயாவின் வெயில்

அன்புள்ள ஆசிரியருக்கு,

ஸ்பானிய ஓவியர் சொரோயாவைப் பற்றி நீங்கள் எழுதியதைப் படித்துவிட்டு அவருடைய கடற்கரை ஓவியங்களை இணையத்தில் தேடிப் பார்த்தேன். அழகாகத்தான் இருக்கின்றன. ஆனால் என் அப்பா கடல்தொழில் செய்தவர். வெயில் என்றால் அவர் முதுகில் உரிந்த தோல்தான் எனக்கு நினைவுக்கு வரும். உழைப்பவர்கள் படும் பாட்டை, கணநேர ஒளியை வரையும் இந்த இம்ப்ரெஷனிஸ்ட் ஓவியர் வெயில் பூசி விற்றுவிட்டார் என்று தோன்றுகிறது. நான் நினைப்பது தவறா? அவருடைய ஓவியங்களில் எதைப் பார்க்க வேண்டும்?

வாசகர் ஒருவர்

அன்புள்ள நண்பருக்கு,

உங்கள் கோபத்தில் நியாயம் இருக்கிறது. தேடினால் முதலில் வந்து நிற்பவை அவருடைய பிற்கால ஓவியங்கள்: அலையில் குளிக்கும் குழந்தைகள், வெள்ளை உடையில் கரையோரம் உலாவும் மனைவியும் மகளும். வசதி வந்துவிட்ட ஒருவரின் கோடைக்காலம் அது. அவற்றைப் பற்றி நீங்கள் சொல்வதை நான் மறுக்க மாட்டேன். ஆனால் ஸ்பெயினின் கடற்கரை நகரமான வலென்சியாவின் மீனவர்களை அவர் வரைந்த ஆண்டுகளைத் தனியாகப் பாருங்கள்.

1894-இல் மட்டும் இரண்டு பெரிய ஓவியங்கள். ஒன்று ‘மீன்பிடித்துத் திரும்புதல்’. வலென்சியாவில் அப்போது எருதுகளைப் பூட்டித்தான் படகைக் கரையேற்றுவார்கள். எருதுகளின் கால்கள் அலைக்குள், பின்னால் காற்றில் புடைத்த பாய், நீரெங்கும் வெயில். பாரிஸ் கண்காட்சியில் பதக்கம் வாங்கிய அந்த ஓவியத்தைப் பிரெஞ்சு அரசே விலைக்கு வாங்கியது. இன்னொன்று ‘இன்னமும் மீன் விலை அதிகம் என்கிறார்கள்!’. படகின் உள்தட்டில் அடிபட்டுக் கிடக்கிறான் ஓர் இளம் மீனவன். கழுத்தில் காப்புக்காகக் கட்டிய பதக்கம். வயதானவர் ஒருவர் அவனைத் தாங்கிப் பிடித்திருக்க, இன்னொருவர் காயத்தில் துணியை வைத்து அழுத்துகிறார். பின்னால் அன்று பிடித்த மீன். கடற்கரை வெயில் இங்கே இல்லை. வலியை மறைக்க நினைப்பவர் இப்படி ஒரு தலைப்பை வைத்திருப்பாரா?

இம்ப்ரெஷனிஸ்ட் என்று நீங்கள் சொன்னதால் ஒன்று சொல்ல வேண்டும். அந்த வகையின் முன்னோடியான பிரெஞ்சு ஓவியர் மோனேயின் ஒளியில் பொருள்கள் கரையத் தொடங்கிவிடும். சொரோயாவிடம் அவை கரைவதில்லை. படகு படகின் எடையோடு இருக்கிறது, இழுக்கும் எருதின் கழுத்தில் அந்த எடை தெரிகிறது. காலராவில் பெற்றோரை இழந்தபோது அவருக்கு இரண்டு வயது. அம்மாவின் சகோதரி வீட்டில் வளர்ந்தார். அந்த வீட்டுக்காரர் பூட்டுத் தொழிலாளி. கைவேலையை அந்த வீட்டில் தினமும் பார்த்து வளர்ந்த கண் என்றே நான் நம்புகிறேன்.

1896-இல் வரைந்த ‘பாய் தைத்தல்’ இப்போது வெனிஸில் இருக்கிறது. மூன்று மீட்டர் அகலம். கைப்பேசித் திரையில் அது இலையும் பூவும் நிறைந்த முற்றமாக மட்டுமே தெரியும்; பெரிதாக்கிப் பாருங்கள். படத்தின் நடுவே ஆளில்லை, படகின் பாய்தான் இருக்கிறது. அது மடிப்பு மடிப்பாக நம்மை நோக்கிச் சரிந்து வருகிறது. பெண்களும் ஆண்களுமாக அதன் ஓரங்களைப் பிடித்துத் தைக்கிறார்கள். வெள்ளைத் துணி என்கிறோம், வெறும் வெள்ளையைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். நிழல் விழுந்த மடிப்பில் நீலமும் ஊதாவும், இலை வழியே வெயில் சொட்டிய இடத்தில் மஞ்சள். இந்த நிறமாற்றத்தால்தான் துணி எவ்வளவு கனமானது, எங்கே தொய்கிறது, எந்தக் கை அதைத் தூக்கிப் பிடித்திருக்கிறது என்று நமக்குத் தெரிகிறது. வெயிலை எடுத்துவிட்டால் வேலையே தெரியாது. அதனால்தான் ‘வெயில் பூசி விற்றுவிட்டார்’ என்ற குற்றச்சாட்டை என்னால் ஏற்க முடியவில்லை. கரையிலேயே, காற்றுக்குத் தடுப்புக் கட்டி, பெரிய கித்தான்களை நிறுத்தி வரைந்தவர் அவர். அந்த வெயிலில் அவரும் நின்றிருக்கிறார். ஆனால் மீனவர் நின்றதும் ஓவியர் நின்றதும் ஒன்றல்ல. அங்கே உங்கள் பக்கம்தான் நான்.

கடைசியாக ஒன்றைப் பரிந்துரைக்கிறேன். ஸ்பானியக் கலைக்கான அருங்காட்சியகமான நியூயார்க்கின் ஹிஸ்பானிக் சொசைட்டிக்காக ஸ்பெயினின் பகுதிகளைப் பதினான்கு பெரிய ஓவியங்களாக வரைந்தார். அவற்றுள் கடைசியாக, 1919-இல் முடித்தது, அயமோன்தே துறையில் சூரை மீன்கள் வந்திறங்கும் காட்சி. மேலே கட்டிய பந்தல் துணியின் வழியே வெயில் வடிகட்டி இறங்குகிறது. கீழே ஆளுயர மீன்கள், அவற்றுக்கிடையே குனிந்து வேலை செய்யும் மனிதர்கள். மறு ஆண்டே பக்கவாதம் தாக்கியது. அதன்பின் அவரால் வரைய முடியவில்லை. இந்த ஓவியத்தை நிதானமாகப் பார்த்துவிட்டு எழுதுங்கள். மீனைத் தூக்கிப் பழகிய வீட்டிலிருந்து வருபவர் நீங்கள். அந்த மனிதர்களின் முதுகும் பிடியும் சரியாக இருக்கின்றனவா என்பதை என்னைவிட நீங்கள்தான் சொல்ல முடியும்.