‘தொண்ணூறு என்றால் 900 எழுதுகிறான், டீச்சர்’: பயிற்சி ஆசிரியர்களுக்குக் கேள்வி பதில்

புதுக்கோட்டை மாவட்டத்து ஒன்றியப் பள்ளிகளில் 33 வருடம் வேலை பார்த்து, தலைமையாசிரியராக ஓய்வு பெற்றவள் நான். தொடக்கக் கல்விப் பட்டயப் படிப்பில் இருக்கும் பிள்ளைகள், பள்ளிகளுக்குப் பயிற்சிக்குப் போய் வந்த கையோடு அனுப்பிய கேள்விகள் இவை. ஒரே மாதிரி இருந்தவற்றைச் சேர்த்துவிட்டேன். ‘ரெக்கார்டுக்கு எத்தனை மார்க் போடுவார்கள்’ ரகக் கேள்விகளுக்கு என்னிடம் பதில் இல்லை, விட்டுவிட்டேன்.

மூன்றாம் வகுப்பில் ஒரு பையன் ‘தொண்ணூறு’ என்று சொன்னால் 900 எழுதுகிறான். ‘நூற்றைந்து’ என்றால் 1005. பத்து முறை எழுத வைத்தேன், மறுநாளும் அதேதான். கவனக்குறைவா, டீச்சர்? (பயிற்சி மாணவி, தஞ்சாவூர்)

கவனம் நன்றாகவே இருக்கிறதும்மா. காதில் விழுந்ததை அப்படியே எழுதியிருக்கிறான். அறுபது, எழுபது, எண்பது என்று ஒழுங்காக வந்த வரிசை, அடுத்த பத்தில் திடீரென்று ‘நூறு’ என்று முடிகிறது. அதே மாதிரி 900-க்குப் பெயர் தொள்ளாயிரம், அதில் ஓர் ஆயிரம் ஒட்டிக்கொண்டிருக்கிறது. நம் எண்ணுப்பெயர்களில் இருக்கிற பள்ளம் இது. தமிழில் எண் படிக்கிற எந்தக் குழந்தையும் அதைத் தாண்டித்தான் போக வேண்டும். நூற்றைந்தும் அப்படித்தான். நூறு என்றால் 100, ஐந்து என்றால் 5, பக்கத்தில் பக்கத்தில் வைத்தால் 1005. அவன் கணக்குப்படி தப்பே இல்லை.

பத்து முறை எழுத வைத்ததில் அவன் கைதான் வலித்திருக்கும். ஈர்க்குச்சியைத் துண்டு துண்டாக ஒடித்துப் பத்துப் பத்தாக ரப்பர் பேண்டு போட்டுக் கொடுங்கள். ஒன்பது கட்டு எடுத்து வைக்கச் சொல்லி, ‘இதுக்குப் பேருதான் தொண்ணூறு. நூறு ஆகணும்னா?’ என்று கேளுங்கள். ‘இன்னொரு கட்டு’ என்று அவன் வாயாலேயே வரும். 105-க்கு அட்டை நல்லது. 100 என்று எழுதிய நீள அட்டையின் கடைசிப் பூஜ்யத்தின் மேல் 5 அட்டையை வைத்து மூடச் சொல்லுங்கள். பூஜ்யம் மறைவதைப் பார்த்ததும் சிரிப்பான். அதற்கப்புறம் 1005 எழுதினால் அவனே அழித்துக்கொள்வான்.

எனக்கும் கணக்குதான். 52-இல் 17 போனால் 45 என்கிறார்கள், பாதி வகுப்பு. (பயிற்சி மாணவர், மணப்பாறை)

ஏழில் இரண்டு போனால் ஐந்து, ஐந்தில் ஒன்று போனால் நான்கு. ஒன்றாம் வகுப்பில் ‘பெரிய எண்ணிலிருந்து சின்ன எண்ணைக் கழி’ என்று சொல்லிக் கொடுத்தது நாம்தானே தம்பி. அதை விசுவாசமாகச் செய்கிறார்கள்.

ஐந்து பத்து ரூபாய்த் தாள், இரண்டு ஒரு ரூபாய் கொடுத்துக் கடை வையுங்கள். 17 ரூபாய்க்கு மிட்டாய். பத்து ரூபாய்த் தாளை உடைத்துச் சில்லறை மாற்றாமல் காரியம் நடக்காது என்று கடைக்காரப் பிள்ளைக்கே தெரியும். அதைச் செய்த பிறகு சிலேட்டுக்கு வாருங்கள். ‘கடன் வாங்கிக் கழித்தல்’ என்ற பேரே எனக்குப் பிடிக்காது. வாங்கிய கடனை யாரும் திருப்பித் தருவதில்லை. நான் ‘சில்லறை மாற்றிக் கழித்தல்’ என்றுதான் சொல்வேன்.

இரண்டாம் வகுப்புச் சிறுமி. தனித்தனியாகக் கேட்டால் எழுத்தெல்லாம் சொல்கிறாள். வார்த்தை என்றால் வாயே திறப்பதில்லை. (பயிற்சி மாணவி, பெரம்பலூர்)

மேசையை விட்டு எழுந்து போய், அவள் பக்கத்தில் தரையில் உட்காருங்கள். விரல் வைத்து வாசிக்கச் சொல்லி விரலை மட்டும் பாருங்கள். பயிற்சி நிறுவனத்தில் எனக்கு யாரும் சொல்லாத விஷயம் இது. எட்டு வருடம் வேலை பார்த்த பிறகுதான் தெரிந்துகொண்டேன்.

என் வகுப்பில் ஒருத்தி ‘காகம்’ என்பதைக் ‘கரகம்’ என்று வாசித்துக்கொண்டிருந்தாள். கரகாட்டம் நடக்கிற ஊர், அதனால் வகுப்பே சிரித்தது. விரலைப் பார்த்தபோதுதான் புரிந்தது. க-வில் ஒரு நிறுத்தம், துணைக்காலில் ஒரு நிறுத்தம். துணைக்காலும் ர-வும் அவள் கண்ணுக்கு ஒன்றாகவே தெரிந்தன. நம் கண்ணுக்கும் பல அச்சில் அப்படித்தான் தெரியும், பழகிவிட்டதால் நாம் பார்ப்பதில்லை. ‘கொடி’ இன்னும் கஷ்டம். ஒலியில் முதலில் வருவது க், எழுத்திலோ முதலில் நிற்பது கொம்பு. விரல் கொம்பின் மேல் இருக்கும்போது குழந்தை என்ன சத்தம் போட வேண்டும்? ஒன்றும் போட முடியாது, அதனால் பேசாமல் இருக்கிறது. ‘பௌர்ணமி’யில் வருகிற குறியும் ‘பள்ளம்’ ள-வும் ஒரே உருவம். உகர வரிசையைக் கேட்கவே வேண்டாம். கு, சு, டு, து, ரு என்று வரிசையாகப் போர்டில் எழுதிப் பாருங்கள், ஆளுக்கொரு வால்.

அதனால் 247 கட்டத்தையும் ஒப்பிக்க வைத்தால் வாசிப்பு வந்துவிடாது. கொம்பு, க, கால் மூன்றையும் சேர்த்து ஒரு வட்டம் போட்டு, ‘இது மொத்தமும் கொ’ என்று காட்டுங்கள். வட்டத்துக்கு ஒரு தடவைதான் விரல் நிற்க வேண்டும். ஒரு வாரம் வட்டம் போட்ட வார்த்தைகள், அப்புறம் வட்டம் இல்லாமல். உகர எழுத்துகளுக்கு வகுப்புப் பிள்ளைகளின் பெயரையே எடுத்துக்கொள்ளுங்கள். ‘மு’ யார் பெயரில் இருக்கிறது, ‘சு’ யாருடையது என்று ஆரம்பித்தால் நீங்கள் நிறுத்தச் சொன்னாலும் நிறுத்த மாட்டார்கள்.

1991-இல் எங்கள் மாவட்டத்தில் அறிவொளி இயக்கம் நடந்தபோது, நானும் சாயங்காலம் அரிக்கேன் விளக்கோடு போய்ப் பெரியவர்களுக்குச் சொல்லிக் கொடுத்தேன். அங்கே ஒரு பாட்டி கொம்பைக் காட்டி, ‘இது எதுக்கு முன்னாடி வந்து நிக்குது, கூப்பிட்ட பிறகு வந்தா ஆகாதா?’ என்று கேட்டார். பிள்ளைகளுக்கும் அதே சந்தேகம்தான், கேட்கத் தெரிவதில்லை.

சொல்வதெழுதுதலில் ‘வாழைப்பழம்’ எல்லாருமே ‘வாளப்பளம்’. சிவப்பு மையில் அடித்துத் திருத்தலாமா? (பயிற்சி மாணவி, மதுரை)

வீட்டில் எப்படிப் பேசுகிறார்களோ அப்படி எழுதியிருக்கிறார்கள். எழுத்தறிவு வந்துவிட்டது என்பதற்கு அதுவே சாட்சி. முதலில் அதற்கு ஒரு டிக் போடுங்கள். ‘பேசுறது இப்படி, புத்தகத்துல எழுதுறது இப்படி’ என்று இரண்டையும் பக்கத்தில் எழுதிக் காட்டினால் போதும். நீங்கள் ழ-வைச் சரியாகச் சொல்கிறீர்களா என்று ஒரு தடவை செல்போனில் பதிவு செய்து கேட்டுப் பாருங்கள்.

ஒரு பையனை அடித்துவிட்டேன், டீச்சர். ஸ்கேலால், முழங்கையில். மழை நாள், ஒரே சத்தம், என் பேச்சை யாரும் கேட்கவில்லை. அன்றிலிருந்து தூக்கம் இல்லை. (பெயர், ஊர் வேண்டாம்)

எழுதியதற்கு முதலில் நன்றி. இந்தக் கடிதத்தை எழுதாமல் இருப்பவர்கள்தான் அதிகம்.

2009-ஆம் ஆண்டுக் கல்வி உரிமைச் சட்டத்தின் 17-ஆவது பிரிவு, குழந்தையை உடலால் தண்டிப்பதையும் மனத்தால் துன்புறுத்துவதையும் தடை செய்கிறது. ‘லேசாகத்தான்’ என்ற விலக்கு அதில் கிடையாது. ‘மக்கு’ என்று சொல்வதும் அதில் அடங்கும். தலைமையாசிரியரிடமும் உங்கள் வழிகாட்டி ஆசிரியரிடமும் நீங்களே போய்ச் சொல்லுங்கள். அடுத்தவர் வாயிலிருந்து போவதைவிட அது எவ்வளவோ மேல்.

அப்புறம் பையன். அவனைத் தனியாகக் கூப்பிட்டுக் குனிந்து நின்று, ‘நான் அடித்தது தப்பு’ என்று சொல்லுங்கள். ‘நீ அப்படிச் செய்ததாலதான்’ என்று ஒட்டுப் போடாதீர்கள். சின்னப் பிள்ளையிடம் மன்னிப்புக் கேட்டால் மரியாதை போய்விடும் என்று பழைய ஆட்கள் சொல்வார்கள். நானும் என் முதல் வருடத்தில் ஒரு பெண்ணின் காதைத் திருகியிருக்கிறேன், அந்தப் பயத்தில் மன்னிப்புக் கேட்கவே இல்லை. அவள் வருடம் முழுக்க என்னிடம் நோட்டைக் கொடுக்கும்போது இரண்டு அடி தள்ளி நின்று கையை மட்டும் நீட்டினாள்.

மழைச் சத்தத்தில் தகரக் கொட்டகைக்குக் கீழே யார் பாடம் நடத்தினாலும் காதில் விழாது. அன்றைக்குப் பாடத்தை மூடிவிட்டு ஓவியமோ காகிதக் கப்பலோ செய்திருக்கலாம். பாடக்குறிப்பில் என்ன எழுதுவது என்கிறீர்களா? ‘மழை’ என்று எழுதுங்கள்.

மூன்றே நாளில் தொண்டை கட்டிவிட்டது. (பயிற்சி மாணவி, அரியலூர்)

கத்துவதை நிறுத்துங்கள். கைதட்டலை ஒரு தாளமாகப் பழக்குங்கள், நீங்கள் இரண்டு தட்டினால் பிள்ளைகள் மூன்று தட்ட வேண்டும். குரலைத் தாழ்த்தினால் முன்வரிசை உற்றுக் கேட்கும், பின்வரிசையை அவர்களே அடக்குவார்கள். தண்ணீர் பாட்டில் எப்போதும் கையில் இருக்கட்டும்.

எங்களுக்குக் கிடைத்தது ஈராசிரியர் பள்ளி. ஐந்து வகுப்புக்கும் சேர்த்து 28 பேர். பயிற்சியில் கற்ற 40 நிமிடப் பாடக்குறிப்பு இங்கே எதற்கும் உதவவில்லை. (பயிற்சி மாணவர், கறம்பக்குடி)

உதவாதுதான். ஒரு வகுப்புக்கு ஓர் ஆசிரியர் என்று நினைத்துப் போட்ட சட்டை அது. நீங்கள் ஒரு குழுவோடு உட்கார்ந்திருக்கும்போது மற்ற நான்கு குழுவும் என்ன செய்யும் என்பதைத்தான் முதலில் எழுத வேண்டும், உங்கள் பாடத்தை அப்புறம்.

சென்னை மாநகராட்சிப் பள்ளிகளில் 2003-இல் ஆரம்பித்து 2007 வாக்கில் மாநிலம் முழுக்க வந்த, பிள்ளைகள் அட்டைகளை வைத்துத் தாங்களே படிக்கிற செயல்வழிக் கற்றலை இன்றைக்குக் குறை சொல்கிறவர்கள் நிறைய. அட்டைகள் தொலையும், கிழியும், எல்லாம் நிஜம். ஆனால் சுவரின் அடியில் பிள்ளைகளுக்கென்று அடித்த தாழ்வான கரும்பலகை, அவர்கள் படைப்பைத் தொங்கவிடும் கம்பிப் பந்தல் இரண்டும் அதோடு வந்தவை. உங்கள் பள்ளியில் அந்தப் பலகை இருந்தால் துடைத்துச் சுத்தம் செய்து ஆளுக்கொரு கட்டம் பிரித்துக் கொடுங்கள். நான்காம் வகுப்பு அங்கே கணக்குப் போடட்டும், இரண்டாம் வகுப்போடு நீங்கள் தரையில் இருங்கள். ஐந்தாம் வகுப்புப் பெண்ணை ஒன்றாம் வகுப்புக்கு ‘குட்டி டீச்சர்’ ஆக்கலாம், ஆனால் தினமும் அதே பெண்ணை ஆக்காதீர்கள். அவளுக்கும் படிக்க வேண்டும்.

‘எண்ணும் எழுத்தும்’ வகுப்பில் ஒருவன் என்னிடம், ‘நான் அரும்பு மிஸ், எனக்கு அது வராது’ என்றான். என்ன பதில் சொல்வது? (பயிற்சி மாணவி, திருச்சி)

2022-இல் வாசிப்பும் கணக்கும் பழக்க இந்தத் திட்டம் வந்தபோது, பிள்ளைகளின் கற்றல் நிலைகளுக்கு அரும்பு, மொட்டு, மலர் என்று கீழிருந்து மேலாகப் பெயர் வைத்தவர்கள் நல்ல மனத்தோடுதான் வைத்தார்கள். மக்கு பெஞ்ச் என்பதைவிட ஆயிரம் மடங்கு மேல். ஆனாலும் பிள்ளைகள் கெட்டிக்காரர்கள், எந்தப் பெயருக்கு என்ன விலை என்று ஒரு வாரத்தில் கண்டுபிடித்துவிடுவார்கள். அரும்பு, மொட்டு என்று ஆளைக் கூப்பிடாதீர்கள், பயிற்சித்தாளோடு அந்தப் பெயர் நிற்கட்டும். கணக்கில் அரும்பாக இருக்கிறவன் கதை சொல்வதில் மலராக இருக்கலாம், அதை வகுப்புக்கு முன்னால் காட்டிவிடுங்கள். உங்கள் பையன் எதில் மலர் என்று எனக்கு மறுகடிதம் எழுதுங்கள்.

திருப்பூரில் பயிற்சி. என் வகுப்பில் மூன்று பிள்ளைகள் வீட்டில் இந்தியும் ஒடியாவும் பேசுகிறவர்கள். பேசவே மாட்டேன் என்கிறார்கள்.

கேட்டுக்கொண்டிருக்கிறார்கள். இன்னொரு மொழிக்குள் வருகிற பிள்ளை சில மாதம் வாயை மூடிக்கொண்டிருப்பது இயல்பு, பேசச் சொல்லி நெருக்க வேண்டாம். தண்ணீர், சாப்பாடு, பாத்ரூம், வலிக்குது, அம்மா வந்தாச்சு, இந்த ஐந்தையும் அவர்கள் மொழியில் நீங்கள் கற்றுக்கொள்ளுங்கள். தப்பாகச் சொல்லுங்கள், அவர்கள் திருத்துவார்கள். அங்கே ஆரம்பிக்கும் பேச்சு.

தினப் பிரதிபலிப்புக் குறிப்பை சீனியர் ரெக்கார்டைப் பார்த்துத்தான் எல்லாரும் எழுதுகிறோம். தப்பா? (இரண்டாம் ஆண்டு, நான்கு பேர் சேர்ந்து)

நால்வரும் சேர்ந்து கேட்டதால் ஒரு பதில். ‘மாணவர்கள் ஆர்வத்துடன் பங்கேற்றனர்’ என்ற வாக்கியத்தை நான் எத்தனை ரெக்கார்டில் பார்த்திருப்பேன் என்று கணக்கே இல்லை. ரெக்கார்டை உங்கள் இஷ்டப்படி முடியுங்கள். தனியாக ஒரு 40 பக்க நோட்டு வைத்துக்கொண்டு பஸ்ஸில் வரும்போது மூன்று வரி மட்டும் எழுதுங்கள்: இன்றைக்கு எந்தப் பிள்ளை என்ன தப்பு செய்தது, அது ஏன் அப்படி நினைத்திருக்கும், நாளைக்கு என்ன மாற்றுவேன். அந்தத் தஞ்சாவூர்ப் பெண் அனுப்பிய 900-உம் 1005-உம் அப்படிப்பட்ட மூன்று வரிதான்.

டெட் என்கிற ஆசிரியர் தகுதித் தேர்வுக்கு இதெல்லாம் உதவுமா?

முதல் தாளில் 150 கேள்வியில் 30 குழந்தை வளர்ச்சியும் கற்பித்தலும். அங்கே உதவும். மற்றதற்குப் பாடப்புத்தகத்தை உட்கார்ந்து படிக்கத்தான் வேண்டும்.

கடைசி நாள் வருகிறது. ஒன்றாம் வகுப்புப் பிள்ளைகள் அழுவார்கள் என்று பயமாக இருக்கிறது. (பயிற்சி மாணவி, காரைக்குடி)

அன்றைக்குத் திடீரென்று சொல்லாதீர்கள். ஒரு வாரம் முன்பே நாட்காட்டியில் அந்தத் தேதியைச் சுற்றி வட்டம் போட்டு, தினமும் ஒரு கட்டத்தை ஒரு பிள்ளை அடிக்கட்டும். ‘மறுபடியும் வருவேன்’ என்று சொல்லாதீர்கள், வரமாட்டீர்கள். நீங்கள் செய்த துணைக்கருவிகளை மார்க் போட்டு முடித்ததும் வகுப்பிலேயே விட்டுவிட்டு வாருங்கள், வீட்டுப் பரணில் அவை யாருக்கும் பிரயோஜனம் இல்லை. சாக்லேட் கொடுப்பதானால் மதியச் சாப்பாட்டுக்கு அப்புறம் கொடுங்கள். முன்னால் கொடுத்தால் சத்துணவு அம்மா உங்களைத்தான் திட்டுவார்.