பேலியேட்டிவ் பட்டியலுக்கு வயது மட்டும் போதாது

சகோதரி, ராமேஸ்வரத்துக்கு அருகே மண்டபம் ஊர்ப் பக்கத்து மருத்துவமனையில் கொரோனா வார்டு நிரம்பிவிட்டது, எழுபது தாண்டிய எல்லாரையும் பேலியேட்டிவ் (வலியையும் தவிப்பையும் தணிக்கும் பராமரிப்பு) பட்டியலில் சேர்க்கச் சொல்கிறார்கள், இது சரியா என்று கேட்டிருக்கிறீர்கள். சரியில்லை. தயங்காமல் டாக்டரிடம் பேசுங்கள்.

இன்று கட்டிலில் மூச்சு வாங்கக் கிடப்பவரை மட்டும் வைத்து முடிவெடுக்க முடியாது. காய்ச்சல் வருவதற்கு இரண்டு வாரம் முன்பு எப்படி இருந்தார் என்று வீட்டாரிடம் கேளுங்கள். முதியவர் உடல் எவ்வளவு தளர்ந்திருக்கிறது என்று மதிப்பிட முதியோர் மருத்துவர் ராக்வுட் உருவாக்கிய, 1 (நல்ல திடம்) முதல் 9 வரையான தளர்ச்சி அளவுகோலும் அதைத்தான் பார்க்கிறது. "நல்லாத்தான் இருந்தாங்க" என்ற பதிலோடு விட்டுவிடாதீர்கள். கடலில் இறங்கிப் பாசி எடுத்தாரா? திண்ணையில் உட்கார்ந்து வலையாவது தைத்தாரா? குளிக்க ஆள் பிடிக்க வேண்டியிருந்ததா? 75 வயதில் பாசிக்குப் போய்வந்த அம்மாவும், 68 வயதில் டயாலிசிஸோடு படுத்த படுக்கையாய் இருந்தவரும் ஒன்றல்ல. 65 வயதுக்குக் குறைந்தவர்களுக்கும், நெடுநாள் மாற்றுத்திறனாளிகளுக்கும் அந்த அளவுகோல் பொருந்தாது.

அப்புறம், பேலியேட்டிவ் என்றால் கைவிடுவது இல்லை. மூச்சுத்திணறலில் தவிக்கும் யாருக்கும், பிழைக்க நல்ல வாய்ப்புள்ளவருக்கும்கூட, அது வேண்டும். ஆக்சிஜனும் மற்ற சிகிச்சையும் கூடவே நடக்கலாம். குறைந்த அளவு மார்ஃபின் அந்தத் தவிப்பைத் தணிக்கும். அளவை டாக்டர் முடிவு செய்வார்.

பட்டியலில் பெயருக்குப் பக்கத்தில் காரணத்தையும் எழுதச் சொல்லுங்கள். தினமும் திரும்பப் பாருங்கள். தேறுகிறவர் இருப்பார், சரிகிறவரும் இருப்பார்.