மலையும் மலையடிவாரமும்: வாசகர் கேள்வி – பதில்

உலகத்தில் மற்ற இடங்களில் மலைக்காடுகளை எப்படிக் காப்பாற்றுகிறார்கள் என்பது பற்றிக் கேள்வி அனுப்பச் சொல்லியிருந்தோம். ஆனைமலை முதல் தாளவாடி வரை, அடிவாரத்து ஊர்களிலிருந்துதான் அதிகக் கடிதங்கள் வந்திருக்கின்றன. பாதிக்கு மேல் கோபம். அதையும் அப்படியே போட்டிருக்கிறோம்.

ஆனைமலைக் காட்டில் இருக்கிற டாப்சிலிப் போனால் இங்கே நிற்காதே, அங்கே இறங்காதே என்று ஃபாரஸ்ட்காரர்கள் விரட்டுகிறார்கள். காசு கட்டித்தானே போகிறோம்? வெளிநாட்டிலும் இப்படித்தானா?
– வாசகர், பொள்ளாச்சி

வெளிநாட்டில் இதைவிடக் கறாருங்க. சுவிட்சர்லாந்தின் தேசியப் பூங்கா 1914-ல் ஆரம்பித்தது, ஆல்ப்ஸ் மலையிலேயே பழையது. அங்கே போட்டிருக்கிற தடத்தை விட்டு விலகக்கூடாது, ஒரு பூவைப் பறிக்கக்கூடாது, நாயைக் கயிறு கட்டிக்கூட கூட்டிப் போக முடியாது, பனிக்காலம் வந்தால் பூங்காவையே மூடிவிடுவார்கள். பூடானில் 6,000 மீட்டருக்கு மேற்பட்ட சிகரங்களில் ஏறுவதை 1994-லேயே நிறுத்திவிட்டார்கள், சாமி குடியிருக்கிற இடம் என்று. 2003-லிருந்து சிகரம் ஏறுவதற்கே அனுமதி கிடையாது. 7,570 மீட்டர் உயரமுள்ள கங்கர் புயென்சும் என்ற மலையின் உச்சியை இன்று வரை யாரும் தொட்டதில்லை.

நீங்கள் கட்டுகிற காசு உள்ளே போய்ப் பார்த்துவிட்டு வருவதற்கு. யானைக்கூட்டம் ரோட்டைக் கடக்க ஓரமாக நிற்கிறபோது நாலு பேர் இறங்கி செல்ஃபி எடுத்தால் கூட்டம் மிரண்டு திரும்பிவிடும், குட்டியோடு இருக்கிற தாய் யானை துரத்தவும் செய்யும். விரட்டுகிறவர்கள் உங்கள் உயிருக்கும் சேர்த்துத்தான் விரட்டுகிறார்கள். ஆனால் இந்தக் கறார் எல்லாருக்கும் ஒரே மாதிரி இருக்கணும். குடும்பத்தோடு வந்தவரை விரட்டிவிட்டு, வேண்டியவர் ஜீப்பை மட்டும் உள்ளே விட்டால் அப்புறம் எந்தச் சட்டத்தையும் யாரும் மதிக்க மாட்டார்கள்.

சத்தியமங்கலம் காட்டு வழியே போகிற திம்பம் மலை ரோட்டில் ராத்திரி வண்டி விடுவதில்லை. தக்காளியும் முட்டைக்கோஸும் நேரத்துக்கு மார்க்கெட் போய்ச் சேருவதில்லை. மிருகத்துக்கு இருக்கிற மதிப்பு விவசாயிக்கு இல்லையா? உலகத்தில் வேறு வழியே இல்லையா?
– வாசகர், தாளவாடி

வழி இருக்கு, ஆனால் அது திம்பத்துக்குப் பொருந்துமா என்று பார்க்கணும். கனடாவில் பான்ஃப் என்ற மலைப் பூங்காவின் நடுவே நாட்டின் முக்கிய நெடுஞ்சாலை போகிறது. முன்பு மான், கரடி, ஓநாய் என்று அடிபட்டுச் செத்துக்கொண்டே இருந்தன. ரோட்டின் ரெண்டு பக்கமும் உயரமாக வேலி போட்டார்கள். மிருகங்கள் கடப்பதற்காக ரோட்டுக்கு மேலே 6 பாலங்களும் கீழே 38 சுரங்கப் பாதைகளும் கட்டினார்கள். மேலே இருக்கிற பாலத்தில் வண்டி போகாது, மண் கொட்டி மரமும் புதரும் வளர்த்து, காட்டின் ஒரு துண்டு மாதிரியே இருக்கும். எது எது கடக்கிறது என்று தெரிந்துகொள்ள ஆரம்பத்தில் வழியில் மணலைப் பரப்பி வைத்து, காலடித் தடத்தை எண்ணிவிட்டு, மறுபடி மணலைச் சமன் செய்தார்கள். மான்கள் சீக்கிரம் பழகிவிட்டன, கிரிஸ்லி கரடிக்கு நம்பிக்கை வரப் பல வருஷம் பிடித்தது. வண்டியில் அடிபடுவது 80 சதவீதத்துக்கு மேல் குறைந்துவிட்டது.

பான்ஃபில் ரோடு அகலமான பள்ளத்தாக்கில் போகிறது. திம்பத்திலோ 27 கொண்டை ஊசி வளைவு, ஒரு பக்கம் பாறை, மறுபக்கம் பள்ளம். ரெண்டு பக்கமும் வேலி போட்டால் யானை எந்தப் பக்கம் போகும்? அதனால் மிருகங்கள் நடமாடுகிற ராத்திரி நேரத்தை அவற்றுக்கு விட்டுவிடுவதுதான் இங்கே செலவில்லாத வழி. பக்கத்தில் கர்நாடகத்துப் பந்திப்பூர் காட்டு ரோட்டில் 2009-லிருந்தே ராத்திரி போக்குவரத்துக்குத் தடை இருக்கிறது. நம் ரோட்டில் சென்னை உயர் நீதிமன்ற உத்தரவால் 2022-ல் வந்தது.

தடை வேண்டும் என்றுதான் நானும் சொல்வேன். ஆனால் அதன் சுமையைத் தாளவாடி மட்டும் சுமப்பது நியாயமே இல்லை. சத்தியமங்கலம் புலிகள் காப்பகத்துக்கு, புலிகள் பெருகியதற்காக 2022-ல் டிஎக்ஸ்2 என்ற சர்வதேச விருது கிடைத்தது. அதில் உங்கள் பங்கும் இருக்கிறது, ஆனால் உங்கள் ஊருக்கு என்ன வந்தது? தாளவாடியிலேயே காய்கறிக்குக் குளிர்பதனக் கிடங்கு, பகல் வண்டிக்கு ஏற்ற மாதிரி மார்க்கெட் நேரம், உள்ளூர் வண்டிகளுக்கு அலைச்சல் இல்லாத பாஸ், இதெல்லாம் கேட்டு வாங்க வேண்டிய விஷயம். தடையை எடு என்று கேட்பதைவிட இதைக் கேட்டால் காட்டுக்காகப் பேசுகிறவர்களும் உங்களோடு வந்து நிற்பார்கள், நானும் எழுதுவேன்.

மலைக்குள் இருக்கிற ஜனங்களைக் கீழே கொண்டுவந்து வீடு கட்டிக் கொடுத்துவிட்டால் காடு தானாகத் தழைத்துவிடும் என்பது என் கருத்து. சரிதானே?
– ஓய்வுபெற்ற ஆசிரியர், கோபி

சரியில்லைங்க ஐயா. உங்களைப் போலப் படித்தவர்கள் பலரும் நல்ல மனசோடுதான் இதைச் சொல்கிறார்கள், அதனால் கொஞ்சம் நீளமாகவே பதில் சொல்கிறேன்.

இந்த யோசனை ரொம்பப் பழையது. 1872-ல் அமெரிக்காவில் யெல்லோஸ்டோனைத் தேசியப் பூங்கா ஆக்கிய பிறகு, தலைமுறை தலைமுறையாக அங்கே வேட்டையாடி வாழ்ந்த பழங்குடிகளை வெளியேற்றினார்கள். காடு என்றால் மனுஷனே இல்லாத இடம் என்ற எண்ணம் அங்கிருந்துதான் உலகமெல்லாம் பரவியது. உகாண்டாவில் பிவிண்டி என்ற மலைக்காடு, மலைக் கொரில்லாக்கள் இருக்கிற இடம். 1991-ல் அதைத் தேசியப் பூங்கா ஆக்கியதும் அங்கே தேனெடுத்தும் வேட்டையாடியும் பிழைத்த பட்வா மக்களை வெளியே தள்ளிவிட்டார்கள். நிலமும் இல்லை, தெரிந்த தொழிலும் இல்லை, அடுத்தவர் நிலத்தில் கூலிக்குப் போக வேண்டியதாயிற்று. அவர்களுக்கு உரிய இழப்பீடு தரப்படவில்லை என்று உகாண்டாவின் அரசியல் சாசன நீதிமன்றம் 2021-ல் தீர்ப்புச் சொன்னது. முப்பது வருஷம் கழித்து!

கொரில்லா பெருகியதே என்று கேட்பீர்கள். பெருகியது, எல்லா இடத்திலும் சேர்த்து இப்போது ஆயிரத்துக்கு மேல் இருக்கின்றன. ஆனால் அதற்குப் பின்னால் இருக்கிற உழைப்பைப் பாருங்கள். காவலர்கள் தினமும் ஒவ்வொரு குடும்பத்தையும் தேடிப்போய்ப் பார்க்கிறார்கள், கண்ணியில் மாட்டினால் கால்நடை மருத்துவர் காட்டுக்குள்ளேயே போய் வைத்தியம் பார்க்கிறார். பக்கத்து நாடான ருவாண்டாவில் கொரில்லா பார்க்க ஒரு ஆளுக்கு 1,500 டாலர், ஒரு குழுவில் எட்டுப் பேர், ஒரு மணி நேரம், அவ்வளவுதான். பூங்காக்களின் வருமானத்தில் ஒரு பங்கு சுற்றியுள்ள கிராமங்களுக்குப் போகிறது, 2017-ல் அதை 10 சதவீதமாக உயர்த்தினார்கள். தன் பிள்ளை படிக்கிற பள்ளிக்கூடம் கொரில்லா காசில் கட்டியது என்றால் கண்ணி வைக்க யாருக்குங்க மனசு வரும்?

நேபாளத்தில் அன்னபூர்ணா மலைப்பகுதியில் 1986-ல் வேறு மாதிரி ஆரம்பித்தார்கள். 7,629 சதுர கிலோமீட்டர், அந்த நாட்டிலேயே பெரிய பாதுகாக்கப்பட்ட பகுதி. யாரையும் வெளியேற்றவில்லை, லட்சம் பேர் உள்ளேதான் இருக்கிறார்கள், விவசாயம் பார்க்கிறார்கள், லாட்ஜ் நடத்துகிறார்கள். நுழைவுக் கட்டணம் அந்தப் பகுதிக்கே செலவாகிறது. லாட்ஜ் அடுப்புக்காக மரம் வெட்டுவதைக் குறைக்க ஊர்க் கமிட்டிகளே மண்ணெண்ணெய்க் கிடங்கு வைத்தன, தடத்தைச் சுத்தம் செய்வதில் பெண்கள் குழுக்கள் முன்னால் நின்றன. எல்லாமே சரியாகிவிட்டது என்று சொல்லவில்லை, கூட்டமும் ரோடும் அங்கேயும் தொந்தரவுதான். ஆனால் மலை தங்களுடையது என்ற எண்ணம் அந்த ஜனங்களுக்கு இருக்கிறது.

அவ்வளவு தூரம் எதற்கு? சத்தியமங்கலம் காட்டை ஒட்டி கர்நாடகத்தில் பிலிகிரிரங்கன் மலை இருக்கிறதே, அங்கே புலிகள் காப்பகத்துக்குள்ளேயே சோளகர்களுக்கு 2011-ல் சமூக வன உரிமை கிடைத்தது. தேன், நெல்லிக்காய் எல்லாம் அவர்கள் எடுக்கிறார்கள். நம் ஆனைமலையில் கோழிகமுத்தி முகாமுக்குப் போனால் யானையைக் குளிப்பாட்டுகிற மாவூத்தும் (பாகன்) அவருக்கு உதவியாக இருக்கிற காவடியும் மலசர்கள். கோடை தொடங்கும் முன்னால் தீத்தடுப்புக் கோடு வெட்டுவது யார், ராத்திரி ரோந்து போகிற வேட்டைத் தடுப்புக் காவலர் யார் என்று விசாரித்துப் பாருங்கள், பெரும்பாலும் காடரும் மலசரும் முதுவரும் இருளரும்தான். இவர்களைக் கீழே கொண்டுவந்து விட்டால் காட்டுக்கு வழி தெரிந்த ஆள் யார் இருப்பார்கள்?

தானாக விரும்பி வருகிறவர்களுக்கு நிலமும் வீடும் கொடுப்பது வேறு. 2006 வன உரிமைச் சட்டமும் கிராம சபை சம்மதம் வேண்டும் என்றுதான் சொல்கிறது. அந்தச் சம்மதத்தைக் கையெழுத்துச் சடங்காக்கக் கூடாது.

வெள்ளியங்கிரி ஏறுகிறபோது பையைச் சோதித்து தண்ணீர் பாட்டிலுக்கு முன்பணம் கேட்கிறார்கள். பக்தர்களைச் சந்தேகப்படலாமா?
– வாசகி, கோவை

சந்தேகமில்லை, கணக்கு. பாட்டிலில் ஸ்டிக்கர் ஒட்டி வாங்குகிற காசு, காலி பாட்டிலோடு கீழே வந்தால் உங்களுக்கே திரும்பக் கிடைக்கிறது. எவரெஸ்ட் ஏறுகிற குழுக்களிடம் நேபாள அரசு பல வருஷம் 4,000 டாலர் முன்பணம் வாங்கி வைத்தது. ஒவ்வொருவரும் ஆளுக்கு 8 கிலோ குப்பையைக் கீழே கொண்டுவரணும் என்று 2014-ல் விதி போட்டார்கள். கிளிமஞ்சாரோவில் சுமை தூக்கிகளின் குப்பை மூட்டையைத் தராசில் எடை போடுகிறார்கள். வெள்ளியங்கிரியின் ஏழாவது மலையில் வீசுகிற ஒரு கவரை எடுக்க ஒரு ஆள் அத்தனை மலையும் ஏறணுமே. நொய்யல் பிறக்கிற மலைங்க அது.

நாங்கள் அமராவதிப் பாசனம். மேலே தேசியப் பூங்கா, காப்பகம் என்று செலவு செய்கிறார்கள், கீழே இருக்கிற எங்களுக்கு அதில் என்ன?
– வாசகர், மடத்துக்குளம்

தண்ணீர்தான். அமராவதி அணைக்கு வருகிற பாம்பாறும் சின்னாறும் தேனாறும் ஆனைமலை, மூணாறுப் பக்கத்துக் காட்டிலும் புல்வெளியிலும் இருந்து வருகின்றன. பரம்பிக்குளம்–ஆழியாறு திட்டத்துக்கும் இதே கதை, காண்டூர் கால்வாயே காட்டு ஓரமாக வந்துதான் திருமூர்த்தி அணையை அடைகிறது. சோலையும் புல்வெளியும் மழையைப் பிடித்து வைத்து, கோடையிலும் கொஞ்சம் கொஞ்சமாக விடும். அந்தப் புல்வெளியில் வெள்ளைக்காரன் காலத்தில் கொண்டுவந்த சீகை (வாட்டில்) மரமும் தைல மரமும் பரவினால் வருஷம் முழுக்கத் தண்ணீரைக் குடித்துத் தீர்த்துவிடும்.

தென்னாப்பிரிக்காவில் இதே சீகை வகைகள்தான் பிரச்சினை. 1995-ல் அந்த அரசு, வேலையில்லாத ஏழைகளுக்குக் கூலி கொடுத்து, மலைகளில் அந்நிய மரங்களை வெட்டி ஆற்றுக்குத் தண்ணீரைத் திருப்புகிற திட்டத்தை ஆரம்பித்தது. நம் ஊரிலும் முதுமலை, சத்தியமங்கலம் காடுகளில் பரவிய மஞ்சக்கொன்னையை வெட்டி எடுத்துக் கரூர் காகித ஆலைக்கு அனுப்புகிறார்கள். உண்ணிச்செடிக்கும் சீகைக்கும் இதே அளவு வேகம் வேண்டும். உங்கள் பாசன சங்கக் கூட்டத்தில் மதகு, முறைத்தண்ணீர் பற்றிப் பேசுகிறபோது, மேலே புல்வெளி என்ன நிலையில் இருக்கிறது என்றும் கேட்கத் தொடங்குங்கள், அதிகாரிகளுக்கு அது புதுக் கேள்வியாக இருக்கும்.

பிள்ளைகளுக்கு வரையாடு காட்டணும். உடுமலையிலிருந்து எங்கே, எப்போது போகலாம்?
– வாசகி, உடுமலை

சின்னாறு, மறையூர் வழியாக மூணாறு ரோட்டிலேயே போனால் இரவிகுளம் தேசியப் பூங்கா. உலகத்திலேயே வரையாடுகள் அதிகம் இருக்கிற இடம். 97 சதுர கிலோமீட்டரில் ராஜமலை என்ற ஒரு மூலையை மட்டும்தான் நமக்குத் திறந்து வைத்திருக்கிறார்கள், சொந்த வண்டியை வெளியே நிறுத்திவிட்டுப் பூங்கா பஸ்ஸில் ஏறணும். குட்டி போடுகிற பருவமான பிப்ரவரி, மார்ச்சில் மூடிவிடுவார்கள், திறக்கிற தேதியை விசாரித்துக்கொண்டு கிளம்புங்கள். ஆடு ரோட்டோரத்திலேயே நிற்கும், கிட்ட வரும், பிஸ்கட் மட்டும் நீட்ட வேண்டாம். சின்னாறு செக்போஸ்ட்டை இருட்டுகிறதுக்குள் தாண்டிவிடுகிற மாதிரி திரும்பிவிடுங்கள், அந்த ரோட்டில் சாயங்காலமானால் யானை நிற்கும்.