ஜெர்மனி விசாவுக்கு வட்டிக்கு வாங்கிய பணம் காட்டலாமா? வாசகர் கேள்வி - பதில்

கேள்வி: அண்ணா, எனக்கு 24 வயது. மெக்கானிக்கல் முடித்துவிட்டு ஓசூரில் இரண்டு வருடம் வேலை பார்த்தேன். ஜெர்மனியில் ஒரு அரசுப் பல்கலைக்கழகத்தில் மாஸ்டர்ஸ் அட்மிஷன் வந்துவிட்டது. விசாவுக்காக ஒரு வருடச் செலவுப் பணத்தைப் போட்டுக் காட்டும் பிளாக்டு அக்கவுன்டில் போட அப்பாவிடம் 4 லட்சம்தான் இருக்கிறது. மீதியைத் தாங்களே போட்டுவிடுகிறோம், அங்கே போன பிறகு மாதாமாதம் விடுவிக்கும் பணத்திலிருந்து வட்டியோடு திருப்பிக் கொடுத்தால் போதும் என்கிறார்கள் கன்சல்டன்சியில். சாப்பாட்டுக்கும் வாடகைக்கும் பார்ட் டைம் வேலை பார்த்துக்கொள்ளலாமாம். ஒத்துக்கொள்ளலாமா?
- வாசகர், கோவில்பட்டி

பதில்: வேண்டாம் தம்பி. ஏன் என்று சொல்வதற்கு முன்னால் ஒரு பேப்பரை எடுத்து என்னோடு சேர்ந்து கணக்குப் போடு.

2024 செப்டம்பரிலிருந்து பிளாக்டு அக்கவுன்டில் ஒரு வருடத்துக்குக் காட்ட வேண்டிய தொகை 11,904 யூரோ. யூரோ நூறு ரூபாய் என்று வைத்தாலே 11 லட்சத்து 90 ஆயிரம். நீ அங்கே போய்ச் சேர்ந்ததும் மாதம் 992 யூரோதான் விடுவிப்பார்கள், மொத்தமாக எடுக்க முடியாது. இதில் அப்பாவின் பங்கு மூன்றில் ஒன்று. மற்ற இரண்டு பங்கு கன்சல்டன்சிக்காரருடையது, அதாவது வட்டியே இல்லாவிட்டாலும் மாதம் 660 யூரோ அவருக்குப் போய்விடும். மீதி 330. மருத்துவக் காப்பீடு கட்டாயம், அதற்கு மாதம் 140 யூரோவாவது ஆகும். 190 யூரோவில் வாடகை கொடுத்துச் சாப்பிட வேண்டும். மாணவர் விடுதியில் இடம் கிடைத்தால்கூட பல ஊர்களில் அறைக்கே 250, 300 ஆகிறது, மியூனிக் மாதிரி ஊரைப் பற்றிப் பேசவே வேண்டாம்.

பார்ட் டைம் வேலை இருக்கிறதே என்பார்கள். இருக்கிறது, இல்லை என்று சொல்லவில்லை. 2024 மார்ச்சிலிருந்து வருடத்துக்கு 140 முழு நாள் அல்லது 280 அரை நாள் வேலை பார்க்க அனுமதி உண்டு. ஆனால் இறங்கிய வாரமே வேலை காத்துக்கொண்டிருக்காது. ஜெர்மன் பேசத் தெரியாத ஒருவருக்கு முதல் சில மாதங்கள் அலைச்சல்தான், அந்த மாதங்களில்தான் கடன்காரரும் போன் செய்வார். அந்த நெருக்கடியில் பாடத்தைக் கோட்டைவிட்டு அரியரோடு நிற்கும் பிள்ளைகளைப் பார்த்து எனக்கு மனசு விட்டுப்போயிருக்கிறது. வதிவிட அனுமதியைப் புதுப்பிக்கப் போகும்போது படிப்பு எவ்வளவு தூரம் நகர்ந்திருக்கிறது, அடுத்த காலத்துக்குப் பணம் எங்கே என்று மறுபடியும் கேட்பார்கள் என்பதையும் கன்சல்டன்சிக்காரர் உன்னிடம் சொல்லியிருக்க மாட்டார்.

சரி, வேறு வழி? உன் கணக்கில் ஒரு நல்ல விஷயம் இருக்கிறது. அரசு வங்கிகளில் 7 லட்சத்து 50 ஆயிரம் வரை கல்விக்கடனுக்குச் சொத்து அடமானம் தேவையில்லை. அப்பாவின் 4 லட்சத்தோடு சேர்த்தால் பதினொன்றரை லட்சம், கிட்டத்தட்ட வந்துவிட்டாய். மீதி 40 ஆயிரமும் விமான டிக்கெட்டும் 75 யூரோ விசா கட்டணமும் உன் இரண்டு வருடச் சம்பளத்தில் சேர்த்ததிலிருந்தோ சொந்தக்காரர்களிடமிருந்தோ புரட்டக்கூடிய தொகை. கிளையில் வாய்வார்த்தையாகக் கேட்டுவிட்டு "மேனேஜர் இல்லைன்னுட்டார்" என்று திரும்பி வராதே, வித்யாலட்சுமி இணையதளத்தில் முறையாக விண்ணப்பி, அப்போது உன் விண்ணப்பம் பதிவில் இருக்கும். படிக்கும் காலமும் அதற்குப் பிறகு ஒரு வருடமும் தவணை கட்டத் தேவையில்லை. இந்தக் கடனை நீ அப்பாவிடமும் விசா அதிகாரியிடமும் ஒரே மாதிரி விளக்க முடியும், அந்தக் கடனை முடியாது.

கடன் தாமதமானால், அடுத்த செமஸ்டருக்கு இடத்தைத் தள்ளிக் கொடுப்பார்களா என்று பல்கலைக்கழகத்துக்கே ஒரு மெயில் போட்டுக் கேள். மறுபடி விண்ணப்பிக்கச் சொன்னால் விண்ணப்பித்துக்கொள். ஆறு மாதமோ ஒரு வருடமோ போனால் போகட்டும்.

கேள்வி: என் மகள் பி.எஸ்சி. முடித்து இரண்டு வருடமாக வீட்டில் இருக்கிறாள். அவள் அப்பாவுக்குப் பக்கவாதம் வந்ததால் வேலைக்குப் போகவில்லை. இப்போது அவர் தேறிவிட்டார், அவளுக்கும் ஜெர்மனியில் இடம் கிடைத்திருக்கிறது. இந்த இரண்டு வருட இடைவெளிக்கு ஏதாவது கம்பெனியில் வேலை பார்த்த மாதிரி சர்டிபிகேட் வாங்கித் தருவதாகச் சொல்கிறார்கள். இல்லாவிட்டால் விசா வராது என்று பயமாக இருக்கிறது.
- ஒரு தாய், மதுரை

பதில்: அம்மா, உங்கள் மகள் செய்ததில் மறைக்க என்ன இருக்கிறது? அப்பாவைப் பார்த்துக்கொண்டாள். ஏன் இந்தப் படிப்பு என்று விளக்கும் மோட்டிவேஷன் லெட்டரில் அதை அப்படியே நாலு வரி எழுதச் சொல்லுங்கள், மருத்துவமனை டிஸ்சார்ஜ் சம்மரி நகல் ஒன்றைக் கூட வையுங்கள். இந்த இரண்டு வருடத்தில் ஆன்லைனில் ஏதாவது படித்திருந்தாலோ, பக்கத்துப் பிள்ளைகளுக்கு டியூஷன் எடுத்திருந்தாலோ அதையும் சேர்க்கலாம். இடைவெளி இருப்பது குற்றம் கிடையாது.

பொய்ச் சான்றிதழ் குற்றம். விசா விண்ணப்பத்தோடு, கொடுத்த தகவல்கள் உண்மை, பொய் சொன்னால் என்ன ஆகும் என்று தெரியும் என்று ஒரு உறுதிமொழியில் கையெழுத்து வாங்குகிறார்கள். அந்தக் கையெழுத்தைப் போடப்போவது கன்சல்டன்சி இல்லை, உங்கள் மகள். கம்பெனிக்கு ஒரு போன் போட்டால் குட்டு உடைந்துவிடும், அப்புறம் உண்மையான மார்க் ஷீட்டையும் சந்தேகமாகத்தான் பார்ப்பார்கள்.

கேள்வி: விசா மறுத்துவிட்டார்கள். அப்பீல் லெட்டர் எழுதித் தர 15 ஆயிரம் கேட்கிறார்கள். கொடுக்கலாமா?
- வாசகர், திருச்சி

பதில்: கொடுக்காதீர்கள். முன்பு மறுப்பை எதிர்த்துத் தூதரகத்துக்கே கடிதம் எழுதும் முறை இருந்தது. 2025 ஜூலை 1 முதல் உலகம் முழுக்க அதை எடுத்துவிட்டார்கள். இப்போது இரண்டே வழிதான்: புதிதாக விண்ணப்பிப்பது, அல்லது பெர்லின் நிர்வாக நீதிமன்றத்தில் வழக்குப் போடுவது. வழக்குக்குச் செலவும் காலமும் அதிகம், மறுப்புக் கடிதத்திலேயே அதற்கான கெடு இருக்கும். பெரும்பாலானவர்களுக்கு முதல் வழிதான் நடைமுறைக்கு ஒத்துவரும்.

ஆனால் அதே ஃபைலை அப்படியே மறுபடி கொடுத்துப் பயனில்லை. மறுப்புக்கு என்ன காரணம் எழுதியிருக்கிறார்கள் என்று உட்கார்ந்து படியுங்கள். படிப்பின் நோக்கம் தெளிவாக இல்லை என்றிருந்தால், உங்கள் மோட்டிவேஷன் லெட்டரை எழுதியது யார் என்று யோசியுங்கள். அதை நீங்களே எழுதுங்கள். இளங்கலையில் செய்த ப்ராஜெக்ட் என்ன, அதற்கும் இந்தப் படிப்பின் எந்தப் பாடத்துக்கும் தொடர்பு, அது ஏன் இந்தப் பல்கலைக்கழகத்தில் என்பது உங்கள் வார்த்தையில் வரட்டும், இங்கிலீஷ் கொஞ்சம் தட்டுத்தடுமாறினாலும் பரவாயில்லை.

கேள்வி: நம் மார்க் ஷீட், டிகிரி எல்லாம் உண்மையானவை என்று ஜெர்மனிக்காகச் சரிபார்த்துத் தரும் ஏபிஎஸ் சான்றிதழ் எப்போது எடுக்க வேண்டும்? என் மார்க் ஷீட்டில் இனிஷியல் மட்டும்தான் இருக்கிறது, பாஸ்போர்ட்டில் அப்பா பெயர் முழுதாக இருக்கிறது. பிரச்சினையா?
- வாசகி, நாமக்கல்

பதில்: அட்மிஷன் வந்த பிறகு பார்த்துக்கொள்ளலாம் என்று விடாதீர்கள், பல பல்கலைக்கழகங்கள் விண்ணப்பத்திலேயே கேட்கின்றன. 2022 நவம்பர் 1 முதல் இந்திய மாணவர்களுக்கு அது கட்டாயம், கட்டணம் 18 ஆயிரம் ரூபாய். அக்டோபரில் தொடங்கும் செமஸ்டருக்கு ஜூலை 15 வரை விண்ணப்பிக்கலாம் என்று பொதுவாகச் சொன்னாலும் சில படிப்புகளுக்கு வசந்த காலத்திலேயே கெடு முடிந்துவிடுகிறது. ஆகவே ஜனவரியில் சான்றிதழ் கையில் இருக்கிற மாதிரி திட்டமிடுங்கள்.

இனிஷியல் விஷயம் நம் ஊர்ப் பிள்ளைகள் எல்லோருக்கும் உள்ளதுதான். இதற்காகப் பெயர் மாற்றம், கெசட் என்றெல்லாம் ஓட வேண்டாம். பாஸ்போர்ட்டில் எப்படி இருக்கிறதோ எழுத்துக்கு எழுத்து அப்படியே பல்கலைக்கழக விண்ணப்பம், பிளாக்டு அக்கவுன்ட், காப்பீடு எல்லாவற்றிலும் நிரப்புங்கள். இனிஷியலின் விரிவு அப்பா பெயர்தான் என்று கல்லூரி லெட்டர்ஹெட்டில் ஒரு கடிதம் வாங்கி ஃபைலில் வைத்துக்கொள்ளுங்கள்.